கெட்டிக்காரப் பிள்ளையைப் படையாளாக்குவது எப்படி நடக்கிறது?

குழந்தைப் போராளி என்றதும் நமக்கு ஒரே படம்தான் மனதில் வரும். தன் உயரத்துக்கே இருக்கிற துப்பாக்கியைத் தோளில் மாட்டிய ஒல்லிப் பையன். அந்தப் படம் பொய்யில்லை, ஆனால் பாதிதான். 2007இல் வகுக்கப்பட்ட பாரிஸ் கோட்பாடுகள் இதை இன்னும் அகலமாகப் பார்க்கின்றன. ஒரு ராணுவமோ ஆயுதக் குழுவோ 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்த வேலைக்குப் பயன்படுத்தினாலும் இந்தக் கணக்கில் வரும். சமைக்க வைத்தாலும், சுமை தூக்க வைத்தாலும், சேதி கொண்டுபோக, வேவு பார்க்க அனுப்பினாலும் சரி. துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத பிள்ளையும் இதில் அடக்கம்.

இந்தக் கட்டுரை அதில் ஒரு வகையைப் பற்றி மட்டும். புத்திசாலித்தனத்துக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டு, வீட்டிலிருந்தும் சக பிள்ளைகளிடமிருந்தும் பிரிக்கப்பட்டு, பெரியவர்கள் தங்கள் தேவைக்கு வார்த்தெடுக்கிற பிள்ளை. அடித்து இழுத்துப்போவதை யாரும் பார்த்தவுடன் புரிந்துகொள்வார்கள். பாராட்டி அழைத்துப்போவதை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. சில வீடுகளில் கேசரி கிண்டிக் கொண்டாடவே செய்வார்கள்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பதினோரு வயது. கணக்கில் சூரன். மஞ்சக்குப்பத்தில் செஸ் போட்டி நடந்தால் காலேஜ் அண்ணன்களையே தோற்கடிப்பான். அப்பாவுக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை, அம்மா வீட்டில் தையல். வகுப்பில் பெரிதாகக் கூட்டாளிகள் இல்லை. அவன் பேசுவது மற்றவர்களுக்குப் பிடிபடாது, மற்றவர்கள் பேச்சு அவனுக்கு அலுப்பு. ஒரு நாள் போட்டி முடிந்ததும் ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்காருகிறார்.

“தம்பி, கடைசி ஆட்டத்துல குதிரையை வேணும்னுதானே விட்டுக்கொடுத்த?”

இதுவரை யாரும் அவனிடம் இப்படிக் கேட்டதில்லை. கப்பைப் பார்த்து ‘சூப்பர்டா’ என்பார்கள், அத்தோடு சரி. இவர் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார்! பையன் மூச்சு விடாமல் விளக்குகிறான். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, “உன்னை மாதிரி ஒருத்தனைத்தான் நாங்க தேடிக்கிட்டு இருந்தோம். அம்மாகிட்ட இப்ப சொல்லாத, பயந்துடுவாங்க. நானே ஒரு நாள் வந்து பேசுறேன்” என்கிறார்.

இது கற்பனைதான். ஆனால் அந்த மனிதர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. முதல் கேள்வி, பையனுக்கு வீட்டிலும் பள்ளியிலும் கிடைக்காத கவனத்தைக் கொடுக்கிறது. அடுத்தது, அவனுக்காக எங்கோ ஒரு கூட்டம் காத்திருப்பதாக நம்பவைக்கிறது. கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்தானது. அம்மாவுக்குத் தெரியாத ஒரு ரகசியம் அவனிடம் முதல் முறையாக வந்துவிட்டது. அதுவும் அம்மாவின் நன்மைக்காக என்ற பெயரில்.

மூளைக்காரப் பிள்ளை ஏமாறாதா?

மூளைக்காரப் பிள்ளையை ஏமாற்ற முடியாது என்று நாம் நினைக்கிறோம். எனக்குத் தெரிந்தவரை, இந்த நினைப்புதான் பெற்றோர் பக்கத்தில் இருக்கிற பெரிய ஓட்டை. கையில் கொடுத்த கணக்கைப் போடுவது ஒரு திறமை. இந்தக் கணக்கை எனக்கு யார் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்று யோசிப்பது வேறொரு திறமை. இரண்டும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. பின்விளைவை எடைபோடுவதிலும் ஆசையை அடக்குவதிலும் பெரும் பங்கு வகிக்கிற மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. பதினோரு வயதுப் பிள்ளை அப்பாவை விட வேகமாகப் பெருக்கலாம். எதிரே உட்கார்ந்திருப்பவரின் உள்நோக்கத்தை அளக்கிற விஷயத்தில் அவன் இன்னும் பதினோரு வயதுதான்.

இன்னொன்றும் உண்டு. எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கிப் பழகிய பிள்ளைக்குப் பாராட்டு சோறு மாதிரி. அது ஒரு நாள் கிடைக்காவிட்டால் தவித்துப்போகும். பழகிய பயிற்சியாளருக்கு இது தெரியும். அவர் தினமும் பாராட்ட மாட்டார். நன்றாகச் செய்த நாளில் முகத்தைக் கூடப் பார்க்காமல் போவார், சுமாராகச் செய்த நாளில் தோளைத் தட்டுவார். எப்போது வரும் என்று தெரியாத பரிசுதான் ஒரு பழக்கத்தை விடாமல் பிடித்துவைக்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்து ஆராய்ந்து காட்டினார். கடைசியில் பிள்ளை நாள் முழுக்க அந்த ஒரு முகத்தையே படித்துக்கொண்டிருக்கும்.

தனிமை என்றால் பூட்டிய அறை அல்ல

கொரியப் போரில் பிடிபட்ட அமெரிக்க விமானப்படையினரிடம் பொய் வாக்குமூலங்களை எப்படி வாங்கினார்கள் என்று ஆல்பர்ட் பிடர்மன் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்து 1957இல் எழுதினார். அடி உதை இதற்கு அவசியமே இல்லை என்பது அவர் கண்டது. அவர் பட்டியலிட்ட எட்டு வழிகளில் முதலாவது தனிமைப்படுத்தல். பயமுறுத்தல், அவ்வப்போது ஒரு சின்னச் சலுகை, அர்த்தமே இல்லாத சில்லறை விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்ற வைப்பது ஆகியவையும் அதில் வருகின்றன. அவர் ஆராய்ந்தது வளர்ந்த, பயிற்சி பெற்ற ஆண்களை. அவர்களுக்கே அந்தப் பாடு என்றால் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நாற்பது பேர் தூங்குகிற விடுதியிலும் ஒரு பிள்ளையைத் தனிமைப்படுத்தலாம். கவனிக்க வேண்டியது, அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்க முடியும் என்பது. வீட்டுக்குப் போன் மாதத்துக்கு ஒரு முறை, அதுவும் ஸ்பீக்கரில். ஊர்ச் செய்தியெல்லாம் சார் வாய்வழியாகத்தான் வரும். “வீட்ல எல்லாரும் சௌக்கியம், நீ உன் வேலையைப் பாரு.” சக பிள்ளைகளிடம் கேட்கலாமே என்றால், அந்தக் கதவையும் அடைத்துவிடுவார்கள். எல்லோர் முன்னாலும் இவன் ஒருவனையே உயர்த்திப் பேசினால் போதும். மற்றவர்கள் தானாக விலகிப்போவார்கள். நம் ஊர் டியூஷன் சென்டர்களிலேயே இதைப் பார்க்கலாமே, அங்கே அதற்குப் பின்னால் திட்டம் எதுவும் இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். இப்படி எல்லாப் பக்கமும் அடைத்த பிறகு மிச்சமிருப்பது சார் மட்டும்தான்.

அப்புறம் பெயர், உடுப்பு, பேச்சு எல்லாம் மாறும். பழைய ஆளை நினைவுபடுத்துகிற எதுவும் கையில் இருக்கக் கூடாது.

கடலூரில் கைமாறிய பையன்கள்

இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. புதுச்சேரியில் வெள்ளையர் நகரப் பக்கம் நடந்தால் சுஃப்ரென் வீதி வரும். அந்தப் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி 1782இல் ஆங்கிலேயரின் ஹனிபல் என்ற கப்பலைப் பிடித்தார். அதில் ஜேம்ஸ் ஸ்கரி என்ற பதின்ம வயதுப் பையன் இருந்தான். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் 1766இல் பிறந்தவன். அந்த ஆண்டு கடலூர் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. கைதிகளுக்குச் சோறு போடவும் முடியாமல், ஆங்கிலேயரோடு பரிமாற்றமும் படியாமல், சுஃப்ரென் அவர்களைக் கடலூரில் வைத்து ஹைதர் அலியிடம் ஒப்படைத்துவிட்டார்.

கைதிகளில் இளையவர்களைத் தனியாகப் பொறுக்கியெடுத்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மதம் மாற்றி, சுன்னத் செய்து, சேலா என்ற படைப்பிரிவில் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஹைதர் அந்த ஆண்டு டிசம்பரில் இறந்தார். திப்பு காலத்திலும் இது தொடர்ந்தது. பத்தாண்டுக்குக் கிட்ட அப்படி வாழ்ந்துவிட்டுத் தப்பித்து ஆங்கிலேயரிடம் வந்து சேர்ந்தபோது, ஸ்கரிக்கு நாற்காலியில் உட்காரத் தெரியவில்லை. கத்தியும் முள்கரண்டியும் பிடிக்க மறந்துபோயிருந்தது. ஐரோப்பிய உடுப்பு உடம்புக்கு ஒத்துவரவில்லை. தாய்மொழியான ஆங்கிலமே தட்டுத்தடுமாறித்தான் வந்தது.

அவருடைய அனுபவம் 1824இல் புத்தகமாக வந்தது. ஆங்கிலேயர்கள் இப்படிப்பட்ட கதைகளைத் திப்புவின் கொடூரத்துக்குச் சாட்சியாக ஊர் ஊராகச் சொன்னார்கள். சொல்லட்டும். ஆனால் அந்தக் காலத்து ஆங்கிலேயக் கடற்படையில் பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பையன்கள் பீரங்கிக்கு வெடிமருந்து சுமந்தார்கள் என்பதை அதே மூச்சில் யாரும் சொல்லவில்லை. அந்தப் பையனை முதலில் போர்க்கப்பலில் ஏற்றியது ஹைதர் இல்லை.

அரண்மனைப் பள்ளி

புத்திசாலிப் பிள்ளைகளைச் சல்லடை போட்டுச் சலிப்பதை ஓர் அரசாங்க ஏற்பாடாகவே வைத்திருந்தது துருக்கிய உஸ்மானியப் பேரரசு. தெவ்ஷிர்மே என்று பெயர். பால்கன் பகுதியின் கிறிஸ்தவக் கிராமங்களிலிருந்து பையன்களைத் திரட்டி, மதம் மாற்றி, முதலில் துருக்கிக் குடும்பங்களோடு தங்கவைத்து மொழி பழக்குவார்கள். பெரும்பாலோர் ஜானிசரி காலாட்படைக்குப் போவார்கள். மிகக் கெட்டிக்காரர்களை மட்டும் இஸ்தான்புல் அரண்மனைக்குள் இருந்த எண்டருன் பள்ளிக்கு அனுப்புவார்கள். மொழி, சமயம், இசை, கையெழுத்து, குதிரையேற்றம், போர்க்கலை என்று எல்லாம் அங்கே உண்டு. வீடு மட்டும் கிடையாது.

பாஸ்னியக் கிராமம் ஒன்றில் பிறந்து இப்படிக் கொண்டுபோகப்பட்ட ஒருவர்தான் சோகொல்லு மெஹ்மத் பாஷா. 1565 முதல் 1579 வரை பேரரசின் தலைமை அமைச்சர். சுல்தானுக்கு அடுத்த இடம். தான் பறிக்கப்பட்ட ஊர்ப்பக்கம், விசெகிராடில் திரினா ஆற்றின் மேல் அவர் கட்டுவித்த கல்பாலம் இன்றும் நிற்கிறது. யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம் அது.

இந்த இடத்தில் பலர் கேட்பார்கள்: நல்லாத்தானே ஆனார், அப்புறம் என்ன குறை? ஆமாம், ஆனார். சில குடும்பங்கள் பிள்ளையை எடுத்துக்கொள்ளும்படி தாங்களே முயன்றதும் வரலாற்றில் உண்டு. ஆனால் ஜெயித்த ஒருவரை வைத்து இந்த ஏற்பாட்டை நியாயப்படுத்தினால், பெயர் தெரியாமல் செத்துப்போன ஜானிசரிகளைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிடுகிறோம். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதும் அப்படியே நிற்கிறது.

நெப்போலியன் கதை பறித்துக்கொண்டுபோவதற்கும் விரும்பிச் சேர்வதற்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. ஒன்பது வயதில், 1779இல், கோர்சிகாத் தீவிலிருந்து வந்து பிரியென் ராணுவப் பள்ளியில் சேர்ந்தான். கணக்கில் கெட்டி, பிரெஞ்சு உச்சரிப்பில் சொதப்பல், அதற்காக மற்றப் பையன்களின் கேலி. மறுபடி சொந்த ஊரை அவன் பார்த்தது 1786இல். யாரும் அவனைத் திட்டம் போட்டு ஏமாற்றவில்லை. வீட்டார்தான் மனுப் போட்டுச் சேர்த்தார்கள். தனிமை மட்டும் நிஜம்.

‘சும்மா ஒரு விளையாட்டு’

பிள்ளையைத் தயார்செய்தாகிவிட்டது. இனி வேலை வாங்க வேண்டும். நேரடியாகச் சொன்னால் எந்தப் பிள்ளையும் மிரளும். எனவே வேலையைத் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். ஒருவன் படம் எடுக்கிறான், இன்னொருவன் தூரம் கணக்கிடுகிறான், வேறொருவன் ஆயத்தொலைவுகளைத் தட்டச்சு செய்கிறான். எந்தத் துண்டிலும் ரத்தம் தெரியாது. அதன் மேல் ஒரு விளையாட்டுச் சாயமும் பூசிவிட்டால், புள்ளிகளும் மட்டங்களும் கூடக் கூடப் பிள்ளை தானே மேலே ஏறும்.

2024 டிசம்பரில் உக்ரைனின் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைப்பான எஸ்பியு ஒரு வழக்கை அறிவித்தது. கார்கிவ் நகரத்தில் 15, 16 வயதுப் பிள்ளைகளை ரஷ்ய உளவுத்துறை புதையல் வேட்டை போன்ற விளையாட்டு என்ற பெயரில் இறக்கியிருக்கிறது. குறிப்பிட்ட இடத்துக்குப் போக வேண்டும், படமும் வீடியோவும் எடுக்க வேண்டும், அனுப்ப வேண்டும். அந்தத் தகவல்கள் வான்வழித் தாக்குதலுக்குப் பயன்பட்டன என்கிறது எஸ்பியு. இது போரில் ஒரு தரப்பு சொல்வது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். ஆனால் அந்த முறை எப்படி வேலை செய்யும் என்று புரிந்துகொள்ளப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. கையில் போன் வைத்திருக்கிற எந்தப் பிள்ளைக்கும் அது பிடித்துப்போகும்.

சில ஆயுதக் குழுக்கள் இதற்கு நேர்மாறாகச் செய்யும். எதையும் மறைக்காமல், தன் ஊரிலேயே ஒரு கொடுமையைப் பிள்ளையின் கையாலேயே செய்யவைப்பார்கள். உகாண்டாவிலும் சியரா லியோனிலும் இது நடந்திருக்கிறது. அதற்கப்புறம் திரும்பிப் போக ஊர் இருக்காது.

நமக்குப் பக்கத்தில் நடந்தது

தமிழில் இதை எழுதிவிட்டு ஈழத்தைப் பற்றிப் பேசாமல் போனால் அது நேர்மையாக இருக்காது. கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடிப் பக்கம் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. பிள்ளையைக் காப்பாற்றவே கடல் தாண்டிய குடும்பங்கள் நம் மாநிலம் முழுக்க உண்டு. ராணுவத்துக்குப் பயந்து வந்தார்கள் என்று மட்டும்தான் நாம் பேசுவோம். ‘வீட்டுக்கு ஒரு பிள்ளை’ என்று புலிகள் கேட்டதற்குப் பயந்ததைப் பற்றி அடக்கித்தான் பேசுவோம்.

18 வயதுக்குட்பட்டோரைப் போரில் ஈடுபடுத்த மாட்டோம் என்று விடுதலைப் புலிகள் 1998இலேயே ஐ.நா. தூதரிடம் வாக்களித்திருந்தார்கள். அதற்குப் பிறகும், 2003க்கும் 2008க்கும் இடையில் அவர்கள் சேர்த்த பிள்ளைகள் என ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை யுனிசெஃப் பதிவு செய்திருக்கிறது. 2004இல் பிரிந்துபோன கருணா அணியும் பிள்ளைகளைப் பிடித்தது. தாங்களாகவே விரும்பிப் போன பிள்ளைகளும் உண்டுதான். அப்பாவைக் கண் முன்னால் சுட்டுக்கொன்றதைப் பார்த்த பிள்ளைக்கு யாரும் வந்து மூளைச்சலவை செய்யத் தேவையில்லை. ஆனால் அந்தக் கோபத்தோடு வந்து நிற்கிற பதிமூன்று வயதுப் பிள்ளையை ‘வீட்டுக்குப் போய்ப் படி’ என்று திருப்பி அனுப்புவதா, இயக்கப் பெயர் சூட்டி உள்ளே எடுத்துக்கொள்வதா என்று முடிவெடுத்தது ஒரு பெரியவர். பிள்ளையின் விருப்பத்தைக் காட்டி அந்தப் பொறுப்பிலிருந்து அவர் தப்பிக்க முடியாது.

சட்டமும் சைனிக் பள்ளியும்

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 15 வயதுக்குட்பட்டோரைப் படையில் சேர்ப்பது போர்க்குற்றம். இந்தக் குற்றத்துக்காகத்தான் காங்கோவின் ஆயுதக் குழுத் தலைவர் தாமஸ் லுபாங்காவுக்கு எதிராகச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2012இல் தன் முதல் தீர்ப்பையே வழங்கியது, 14 ஆண்டு சிறை. ஆயுத மோதலில் குழந்தைகள் பற்றிய ஐ.நா. விருப்ப நெறிமுறை 2000இல் ஏற்கப்பட்டு 2002இல் நடைமுறைக்கு வந்தது. 18 வயதுக்குட்பட்டவரை நேரடிப் போரில் இறக்கக் கூடாது என்பது அதன் சாரம். இந்தியா 2005இல் அதை ஏற்றது. நம் ஊர் இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 83ஆம் பிரிவு, பிள்ளைகளைச் சேர்க்கும் தீவிரவாதக் குழுக்களுக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்ச ரூபாய் அபராதமும் விதிக்கிறது.

ராணுவம் நடத்தும் பள்ளிகளுக்கு அந்த ஐ.நா. நெறிமுறையே வயது வரம்பில் விலக்குத் தருகிறது. நம் பக்கத்தில், உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகரில் 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளியில், அதாவது படை அதிகாரிகளாகப் பிள்ளைகளைத் தயார்செய்யும் உறைவிடப் பள்ளியில், பத்து வயதுப் பிள்ளை ஆறாம் வகுப்பில் சேர முடிகிறது. அதற்கும் மேலே சொன்ன கதைகளுக்கும் என்ன வேறுபாடு? காலை ஐந்து மணிக்கு எழுப்புவதும் ஓடவிடுவதும் கொடுமை ஆகாது. என்சிசி முகாமுக்குப் போன எவரும் ஒத்துக்கொள்வார்கள். விடுமுறைக்குப் பிள்ளை வீட்டுக்கு வருகிறது, பெற்றோர் போய்ப் பார்க்கிறார்கள், இந்தப் படிப்பு எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும், முடித்தவர் படையில் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிடிக்கவில்லை என்றால் டிசி வாங்கிக்கொண்டு வரலாம். என் பார்வையில் இதில் எடை அதிகம் உள்ளது வெளியே வர முடிவதுதான்.

ஆகவே விடுதியோ, பயிற்சி முகாமோ, ஆன்லைன் ‘டேலன்ட்’ குழுவோ எதுவானாலும் சேர்ப்பதற்கு முன் நிர்வாகியிடம் நேராகக் கேளுங்கள். பிள்ளை தனியாக எங்களோடு போனில் பேச முடியுமா? சொல்லாமல் வந்து பார்க்கலாமா? பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும்? பதில் சொல்லாமல் ‘உங்க பையன் அபூர்வமான பையன்ங்க’ என்று ஆரம்பித்தால், பையனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஏற்கனவே மாட்டிக்கொண்டு திரும்பிய பிள்ளையைப் பற்றியும் கொஞ்சம். இப்படிப்பட்ட பிள்ளைகளை முதலில் பாதிக்கப்பட்டவர்களாகவே நடத்த வேண்டும் என்று பாரிஸ் கோட்பாடுகள் சொல்கின்றன. நடைமுறையில் இது கஷ்டம். பிள்ளை வந்ததும் அம்மா மடியில் விழுந்து அழும் என்று எதிர்பார்ப்போம். அது பழைய சாரைத் தேடும், வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்லும், ‘உங்களுக்கு ஒண்ணும் புரியாது’ என்று கதவைச் சாத்தும். அங்கே என்ன செய்தாய் என்று தினமும் குடைய வேண்டாம். சொந்த பந்தம் வந்து விசாரித்தால் அவர்களையும் தடுத்து நிறுத்துங்கள். பள்ளியில் அவன் அறிவுக்குத் தீனி போடுகிற ஓர் ஆசிரியர் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி, ஏனென்றால் அவன் அங்கே போனதே அந்தத் தீனிக்காகத்தான். மனநல ஆலோசனைக்கும் சட்ட உதவிக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம். நேரே போகத் தயக்கம் என்றால் 1098. இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். பிள்ளையே கூட அழைக்கலாம்.